மூன்றரைப் பொம்மை

இந்தக் காலத்தில் எவனும் வாயைத் திறந்து பதில் சொல்வதில்லை என்பது கொளஞ்சியப்பனின் தீராத வயிற்றெரிச்சல். பஸ் எப்போது வரும் என்று கேட்டால் சுவரைக் காட்டுகிறான். ஆஸ்பத்திரியில் கண் டாக்டர் எங்கே என்று கேட்டால் அங்கேயும் சுவர்தான். ஒரு கண்ணை வரைந்து பக்கத்தில் அம்புக்குறி போட்டு வைத்திருக்கிறார்கள். கக்கூசுக்குக்கூட ஒரு பொம்மை. அது பாவாடை கட்டின பொம்மையா, கால்சட்டை போட்ட பொம்மையா என்று உற்றுப் பார்த்து முடிவு செய்வதற்குள் மனிதனுக்கு முட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. மூஞ்சியைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னால் இவர்கள் சொத்தில் எது குறைந்துவிடப் போகிறது?

அன்று பள்ளிக்கூடத்திலும் அதே கதைதான். நாலாம் வகுப்பு எங்கே என்று வாட்ச்மேனைக் கேட்டார். அவன் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல் தூணில் ஒட்டியிருந்த அம்புக்குறியைக் காட்டினான்.

"வாயில இன்னா கொழுக்கட்டையா வச்சிருக்க?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போனார்.

அவர் வந்திருக்கவே வேண்டியதில்லை. நெய்வேலி டவுன்ஷிப்பில் இருக்கிற அந்தப் பள்ளிக்கூடத்தில் அன்று பெற்றோர் நாள். மகன் கலைச்செல்வனுக்கு மைன்ஸில் பகல் ஷிப்ட். காண்ட்ராக்ட் ஆள், ஒரு நாள் போகாவிட்டால் அந்த இடத்தில் வேறொருவன் நிற்பான். மருமகள் பண்ருட்டியில் முந்திரி உடைக்கிற கொட்டகைக்குப் போகிறவள். அவளுக்கும் லீவு கிடையாது. மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்ட கிழவன் ஒருவன்தான் வீட்டில் சும்மா இருந்தான். அதனால் பேத்தி இசைப்பிரியாவின் கணக்குப் படத்தைப் பார்க்க அவன் அனுப்பப்பட்டான்.

அவருக்கு அந்தக் கணக்கின் மேலேயே நம்பிக்கை இல்லை. ஒரு வாரமாக வீட்டில் அதே பாட்டுதான். போன செவ்வாய்க்கிழமைகூடப் பேத்தி புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு சத்தமாகப் படித்தாள்:

"ஒரு தோட்டத்தில் நாற்பத்தெட்டு பலாப்பழங்கள் பறிக்கப்பட்டன. அவற்றை ஆறு குடும்பங்களுக்குச் சமமாகப் பிரித்துக் கொடுத்தால்…"

"யாரு பிரிக்கறது?" என்றார் கொளஞ்சியப்பன்.

"யாரோ ஒருத்தர் தாத்தா."

"தோட்டக்காரனா, யாவாரியா?"

"அதெல்லாம் கணக்குல இல்ல."

"அதைத்தான்டி மொதல்ல கேக்கணும். தனக்கு எடுத்துகினு மீதியப் பிரிச்சானா, பிரிச்சப்புறம் எடுத்துகினானா? அது தெரியாம நீ எப்படிக் கணக்குப் போடுவ?"

"எட்டு தாத்தா. ஒரு வூட்டுக்கு எட்டுப் பழம்."

"நம்ம வூட்டுக்கு எவன் எட்டுப் பழம் அனுப்பிவச்சான் இதுவரைக்கும்?"

பேத்தி விடைக்குக் கீழே இரண்டு கோடு போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போனாள். அந்தப் புத்தகம் முழுக்கச் 'சமமாக', 'சமமாக' என்றுதான் இருந்தது. ஆரஞ்சைச் சமமாகப் பிரித்தான், பென்சிலைச் சமமாகப் பிரித்தான். எழுதினவன் எந்த ஊர்க்காரனோ. இப்படிப் பிரிக்கிற ஊரைக் கொளஞ்சியப்பன் தன் எழுபது வயதில் பார்த்ததில்லை.

நாலாம் வகுப்புக்குள் நுழைந்தபோது பத்திருபது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். எல்லோரும் துவைத்து மடித்த சட்டை, எண்ணெய் தடவின தலை. சுவரில் பெரிய சார்ட் ஒட்டியிருந்தது. பக்கத்தில் இசைப்பிரியா ஒரு ஸ்கேலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். தாத்தாவைப் பார்த்ததும் அவள் முகம் அப்படி மலர்ந்தது. வந்திருக்க வேண்டாம் என்று நினைத்ததற்காக ஒரு கணம் அவருக்கே சங்கடமாகிவிட்டது.

சார்ட்டின் தலைப்பை எழுத்துக்கூட்டிப் படித்தார். 'எங்கள் அப்பாக்களின் வேலை'. அதற்குக் கீழே நாலு வரிசை. பெர்மனென்ட், காண்ட்ராக்ட், கடை, ஆட்டோ. ஒவ்வொரு வரிசையிலும் மஞ்சள் ஹெல்மெட் போட்ட பொம்மைகளை வெட்டி ஒட்டியிருந்தார்கள். கடைக்காரனுக்கும் ஹெல்மெட், ஆட்டோக்காரனுக்கும் ஹெல்மெட். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆம்பளை என்று வரையச் சொன்னால் முதலில் ஹெல்மெட்டைத்தான் வரையும்.

"இது படவரைபடம்," என்று ஆரம்பித்தாள் இசைப்பிரியா. மனப்பாடம் செய்த குரல். "எங்க வகுப்புல இருக்கற எல்லாப் பிள்ளைங்களையும் கேட்டு இதைச் செஞ்சோம். பெர்மனென்ட் வரிசையில அஞ்சு பொம்மை. கடையில ரெண்டு. ஆட்டோவுல ஒண்ணு. காண்ட்ராக்ட்ல மூன்றரை." ஸ்கேலின் நுனியைக் காண்ட்ராக்ட் வரிசையின் கடைசியில் வைத்தாள். அதுவரை இருந்த மனப்பாடக் குரல் மாறிவிட்டது. "தாத்தா, இந்தக் கடைசில இருக்குதுல்ல, அது நம்ம அப்பா."

கொளஞ்சியப்பன் கிட்டே போய்ப் பார்த்தார்.

பாதி ஆள். ஹெல்மெட்டில் பாதி, மூஞ்சியில் பாதி. ஒரு கண், ஒரு கை, ஒரு கால். மீசையில்கூட ஒரு பக்கம்தான். கத்தரிக்கோலால் நட்டநடுவில் நேராக வெட்டியிருந்தது.

அவருக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன.

பத்துப் பன்னிரண்டு வயதில் காடாம்புலியூர் முந்திரித் தோப்புகளில் கொட்டை பொறுக்கப் போனவர் அவர். விடிந்ததும் கங்காணி ஆட்களை நிறுத்துவான். முழு ஆள் இந்தப் பக்கம், அரை ஆள் அந்தப் பக்கம். பிள்ளைகளும் வயசானவர்களும் அரை ஆள். அரை ஆளுக்குப் பாதிக் கூலி. ஆனால் கூடை பாதி இல்லை, வெயிலும் பாதி இல்லை. கங்காணி அவர் பெயரைக்கூடச் சொல்லமாட்டான். "ஏய் அரையாளு" என்றுதான் கூப்பிடுவான். தண்ணீர் குடிக்கப் போனால் அரையாளுக்கு எதற்கு முழுச் செம்பு என்று சிரிப்பார்கள். அந்தப் பெயரோடு மூன்று வருஷம் போனது. பிறகு மைன்ஸில் நிலக்கரி ஓடுகிற பெல்ட்டுக்கடியில் சிந்தின கரி வழிக்கிற காண்ட்ராக்டில் முப்பது வருஷம் கிடந்தார். அங்கே கூலி குறைவாக இருந்தது, மரியாதை அதைவிடக் குறைவாக இருந்தது. ஆனாலும் யாரும் அரையாள் என்று சொல்லவில்லை. இப்போது மகனை அரையாளாக்கிச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். அதையும் பெற்ற மகளின் கையாலேயே வெட்டவைத்து.

"எவ வரையச் சொன்னது இத?"

"மிஸ்தான் தாத்தா. வெட்டுனது நானு. கோணாம வெட்டியிருக்கேன் பாரு."

கிறிஸ்டினா மிஸ் முன்னால் வந்தாள். கடலூர்ப் பக்கத்துப் பெண், வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. "வாங்க ஐயா. இசைப்பிரியா தாத்தாதானே? ரொம்ப அழகா செஞ்சிருக்கா."

"அழகு இருக்கட்டும்மா. எம்புள்ள அரையாளா?"

மிஸ்ஸுக்குப் புரியவில்லை. "என்ன ஐயா?"

"எல்லாரையும் முழுசா ஒட்டிகினு வந்துட்டு எம்புள்ளய மட்டும் ரெண்டா பொளந்து வச்சிருக்கியே, அதக் கேக்கறேன்."

இரண்டொருவர் சிரித்தார்கள். மிஸ் சிரிக்கவில்லை. சார்ட்டின் மூலையில் தனியாக ஒட்டியிருந்த ஒரு பொம்மையைக் காட்டினாள். "இங்க பாருங்க ஐயா. ஒரு பொம்மைன்னா ரெண்டு பேருன்னு எழுதியிருக்கு. பெர்மனென்ட்ல பத்துப் பேர், அதனால அஞ்சு பொம்மை. காண்ட்ராக்ட்ல ஏழு பேர். மூணு பொம்மைக்கு ஆறு பேர் ஆச்சு. மிச்சம் ஒருத்தர். அவருக்குப் பாதிப் பொம்மை. பாதிப் பொம்மைன்னா ஒரு முழு ஆள்தான்."

"அரையா வெட்டிப்புட்டு முழு ஆளுங்கற."

"படம்தான் பாதி ஐயா. ஆள் முழுசுதான்."

"இதத்தான்மா எங்க மேஸ்திரியும் சொல்லுவான். கூலிதான் கம்மி, மனசுல உன்ன முழுசாத்தான் வச்சிருக்கேன்னு."

மறுபடி சிரிப்பு. ஜன்னல் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. "பெரியவரே, குழந்தைக கணக்குங்க இது. இதுல போயி ஏனுங்க கோவிச்சுக்கிறீங்க?"

பழனிசாமி. கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து பெர்மனென்ட் ஆனவர். குவார்ட்டர்ஸில் வாசலுக்கு இரண்டு ரோஜாத் தொட்டி வைத்திருப்பவர்.

"உங்க வரிசையில ஒருத்தர வெட்டியிருந்தா உங்களுக்கும் வருங்க கோவம்," என்றார் கொளஞ்சியப்பன்.

"எங்க வரிசை பத்துப் பேருங்க. ரெண்டால வகுபடுதுங்களே."

"ஆமாங்க. ஒங்களுக்கு எல்லாமே வகுபடும்."

கொளஞ்சியப்பன் மிஸ்ஸிடம் திரும்பினார். "ஒரு ஆளுக்கு ஒரு பொம்மை ஒட்டறதுக்கு இன்னா கேடு? காயிதத்துக்குப் பஞ்சமா?"

"சார்ட்டுல இடம் பத்தாது ஐயா. பாடமே அதுக்குத்தான். நிறையப் பேர் இருந்தா ஒரு படத்தை ரெண்டு பேருக்கோ பத்துப் பேருக்கோ வச்சுக்கணும்."

"எடம் பத்தலன்னா ஆள வெட்டிடுவீங்க. எல்லா எடத்துலயும் இதே பேச்சுதான்."

இசைப்பிரியாவின் கையில் ஸ்கேல் தாழ்ந்துகொண்டே வந்தது. அவள் தாத்தாவையும் மிஸ்ஸையும் மாறிமாறிப் பார்த்தாள். மிஸ் பிள்ளையின் தோளில் கையை வைத்துக்கொண்டு, சமாதானமாக ஒரு வார்த்தை சொன்னாள்.

"இன்னும் ஒரே ஒரு பிள்ளை காண்ட்ராக்ட்டுன்னு கையைத் தூக்கியிருந்தா எட்டு ஆகியிருக்கும். நாலு முழுப் பொம்மை வந்திருக்கும் ஐயா. அவ்வளவுதான் விஷயம். இதுல யாரோட தப்பும் இல்ல." பிறகு அடுத்த பெண்ணைக் கூப்பிட்டாள். "ஆசிஃபா, வாம்மா. நீ கீழே இருக்கற கணக்கைச் சொல்லு."

ஆசிஃபா இசைப்பிரியாவின் சிநேகிதி. இரண்டு வீடு தள்ளி இருக்கிற நாசரின் மகள். ஸ்கேலை வாங்கிக்கொண்டு சார்ட்டின் அடியில் எழுதியிருந்ததைப் படித்தாள். "காண்ட்ராக்ட் வேலை செய்பவர்களைவிட பெர்மனென்ட் வேலை செய்பவர்கள் எத்தனை பேர் அதிகம்? பத்திலிருந்து ஏழு போனால் மூன்று. மூன்று பேர் அதிகம்." கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலில் அவள் யாரும் கேட்காததையும் சொன்னாள். ஸ்கேலைப் பெர்மனென்ட் வரிசையின் ஐந்தாவது பொம்மையில் வைத்தாள். "இதுல பாதி எங்க அத்தா."

கொளஞ்சியப்பன் அந்தப் பொம்மையைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார்.

கதவுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நாசர் நின்றிருந்தான். கலைச்செல்வனும் அவனும் ஒரே காண்ட்ராக்டரிடம் வேலை. ஒரே வேனில் போகிறார்கள், ஒரே வேனில் வருகிறார்கள். இந்த வாரம் அவனுக்கு மட்டும் ராத்திரி ஷிப்ட். கண் இரண்டும் சிவந்து கிடந்தன. அவன் பெர்மனென்ட் என்றால் கொளஞ்சியப்பன் கலெக்டர்.

நாசர் அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தான். கையெடுத்துக் கும்பிடவில்லை, தலையாட்டவில்லை. பார்த்தான், அவ்வளவுதான்.

கொளஞ்சியப்பனுக்கு அந்தக் கணக்குப் புரிவதற்கு யாருடைய உதவியும் தேவைப்படவில்லை. அந்த வரிசையிலிருந்து ஒன்றை எடுத்து இந்த வரிசையில் வைத்தால் இங்கே எட்டு. மகன் முழு ஆள் ஆகிவிடுவான். அங்கே ஒன்பது. அங்கேதான் ஒரு பொம்மையைப் பிளக்க வேண்டிவரும். ரோஜாத் தொட்டி வரிசையில் ஒரு பாதி ஆள் ஒற்றைக் கண்ணோடு தொங்குவதை நினைத்ததும் அவருக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி இறங்கியது.

"ஏம்மா டீச்சரு," என்றார். "கைய மாத்தித் தூக்குன புள்ள ஒண்ணு இருந்தா?"

"மாத்தின்னா? யாரு ஐயா?"

வகுப்பு அமைதியாகிவிட்டது. ஆசிஃபாவின் கையிலிருந்த ஸ்கேல் சார்ட்டிலிருந்து நழுவியது. அவள் கீழே பார்த்தாள். ஒரு காலை இன்னொரு கால்மேல் வைத்துக்கொண்டு பெருவிரலை அழுத்தினாள்.

முந்திரித் தோப்பிலும் ஒரு நாள் இதே அமைதி இருந்தது. அன்று அவர் தலையில் துண்டை உயரமாகக் கட்டிக்கொண்டு முழு ஆள் பக்கம் போய் நின்றிருந்தார். குதிகாலைத் தூக்கிக்கொண்டுதான் நின்றார். கங்காணி வரிசையைப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போய்விட்டான். போய்விட்டான் என்றே நினைத்தார். அப்போது அதே தெருக்காரி ஒருத்தி வாயைத் திறந்தாள். "அது அரையாளுங்க, நம்ம கொளஞ்சி." அவளுக்கு அதில் ஒரு பைசா லாபம் கிடையாது. ஐம்பத்தெட்டு வருஷமாக அவளை மனதிற்குள் திட்டிக்கொண்டிருக்கிறார். அவள் செத்தபோது சாவுக்குக்கூடப் போகவில்லை.

"யாரு ஐயா?" என்று மறுபடி கேட்டாள் மிஸ்.

"யாருமில்ல," என்றார் கொளஞ்சியப்பன். "பேச்சுக்குக் கேட்டேன்."

சொன்ன பிறகு கோபம் இரண்டு மடங்கானது. அதை வைக்க இடமில்லை. நாசரைத் திட்ட முடியாது, பிள்ளையைத் திட்ட முடியாது, மிஸ்ஸைத் திட்டித் தீர்த்தாயிற்று. கை தானாகச் சார்ட்டுக்குப் போனது. அந்தப் பாதிப் பொம்மையின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்து ஒரே இழுப்பாக இழுத்தார். பொம்மையோடு சார்ட்டின் தோலும் கொஞ்சம் பிய்ந்து வந்தது. நீலக் காகிதத்தில் வெள்ளையாக ஒரு வடு.

"ஐயா," என்றாள் மிஸ்.

"எம்புள்ள படம் வோணாம். அரையா தொங்கறதுக்கு இல்லாமலே போவட்டும்."

இசைப்பிரியா அழுவாள் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவள் அழவில்லை. தாத்தாவுக்கு முன்னால் வந்து நின்றாள். அவருடைய முகவாய்தான் அவளுக்கும். அதை அவரைப் போலவே முன்னால் நீட்டிக்கொண்டிருந்தாள்.

"இப்போ எத்தினி பேரு தாத்தா?"

"இன்னாடி?"

"எண்ணிச் சொல்லு. காண்ட்ராக்ட்ல இப்போ எத்தினி பேரு?"

கொளஞ்சியப்பன் பார்த்தார். மூன்று பொம்மை. ரெண்டு, நாலு, ஆறு.

"ஆறு," என்று அவளே சொன்னாள். "ஏழு பேரு கைய தூக்கனோம். நான் கடேசியா தூக்கனேன். நீ அப்பாவ எடுத்துட்ட. இப்போ யாரு வந்து பாத்தாலும் எனக்கு அப்பாவே இல்லன்னு ஆயிடும்." கையை நீட்டினாள். "குடு."

"அடியே, அது அரையாளுடி…"

"குடு தாத்தா."

அந்தக் குரலில் அவளிடம் அவர் ஒருநாளும் பேச்சு வாங்கியதில்லை. கை நீட்டியபடியே இருந்தது. காகிதம் அவர் உள்ளங்கை வியர்வையில் நனைந்து சுருண்டிருந்தது. அவர் கொடுக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. அவள் விரல்களைப் பிரித்து எடுத்துக்கொண்டாள். மேஜைமேல் வைத்து உள்ளங்கையால் நீவினாள். ஆசிஃபா ஓடிப்போய்ப் பசையை எடுத்துவந்து கொடுத்தாள். இரண்டு பெண்களும் சேர்ந்து அந்த ஒற்றைக் கண்காரனை வெள்ளை வடுவின் மேலேயே ஒட்டினார்கள். ஒட்டும்போது ஆசிஃபா ஒரு தடவை கொளஞ்சியப்பனைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

"பேத்தி உங்களாட்டவேதானுங்க," என்றார் பழனிசாமி.

"அதுவாச்சும் முழுசா வந்துச்சே," என்று சொல்லிவிட்டுக் கொளஞ்சியப்பன் வெளியே நடந்தார்.

வராந்தாவின் முனையில் நாசர் வந்து பிடித்துக்கொண்டான். "மாமா."

அவர் நிற்கவில்லை. அவனும் கூடவே நடந்தான்.

"அது தெனம் கேட்டுகினே இருந்துச்சு மாமா. அத்தா, நீ பெர்மனென்ட்டா, பெர்மனென்ட்டான்னு. ஆவத்தானே போறோம், சொல்லிக்கோன்னேன். இப்படி சுவத்துல ஒட்டுவாங்கன்னு எனக்குத் தெரியாது."

"ஆவப் போறோம், ஆவப் போறோம்னு நானும் முப்பது வருசம் சொல்லிகினு இருந்தேன்டா. எம்மூஞ்சியப் பாத்தா ஆன மாதிரியா இருக்குது?"

நாசர் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தான்.

"உம்புள்ளைக்குப் பொய் சொல்லத் தெரியல. ஒரு கேள்வி கேட்டதும் ஸ்கேலு நழுவுது. ஒண்ணு உண்மையச் சொல்லிக் குடு, இல்ல ஒழுங்கா பொய் சொல்லவாச்சும் சொல்லிக் குடு. ரெண்டுங்கெட்டானா வளத்து வைக்காத."

"சரி மாமா."

"இன்னா சரி? ஒங்காளு முழுசா தொங்கறான். எங்காளுதான் பாதியா தொங்கறான். உனக்கு எல்லாம் சரிதான்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "வூட்டுக்குப் போறப்போ எம்பேத்தியயும் கூட்டிகினு வந்து சேரு. நான் டீ குடிச்சிட்டு அப்படியே நடந்துடுவேன்."

"இருங்க மாமா, வண்டியில வுட்டுடறேன்."

"வோணாம். நீ ஏத்துனா ரெண்டு பேருக்கு ஒரு பொம்மைன்னு ஒட்டிடுவாங்க."

படியிறங்கும்போது பின்னால் வகுப்பிலிருந்து பேத்தியின் குரல் கேட்டது. புதிதாக யாரோ வந்திருக்கிறார்கள் போலிருக்கிறது. அவள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருந்தாள். காண்ட்ராக்ட் வரிசைக்கு வந்ததும் குரல் ஒரு பிடி உயர்ந்தது. "இது பாதிப் பொம்மை. பாதிப் பொம்மைன்னா ஒரு முழு ஆள். இது எங்க அப்பா." வேண்டுமென்றே இவர் காதில் விழட்டும் என்று சொன்ன மாதிரி இருந்தது.

"பாதின்னா பாதிதான்டி," என்றார் கொளஞ்சியப்பன், திரும்பாமலேயே.

கேட்டில் வாட்ச்மேன் இன்னமும் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். டீக்கடை எந்தப் பக்கம் என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் நின்று கேட்டார். அவன் தலையைத் தூக்காமல் கையை நீட்டினான்.

"தெரியும்டா," என்று சொல்லிவிட்டு, அவன் காட்டின பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கமாக நடக்க ஆரம்பித்தார்.